டாக்டர் ஒருவரே எல்லாம் செய்ய வேண்டுமா? கால்நடை மருத்துவமனையில் வேலைப் பங்கீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் ஏதாவது ஒரு கால்நடை மருத்துவமனைக்குச் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். வெளியே நாயும் பூனையுமாக ஒரு கூட்டம். உள்ளே டாக்டரே நகம் வெட்டுகிறார், ரத்தம் எடுக்கிறார், தையல் பிரிக்கிறார், பூச்சி மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று விளக்குகிறார். நடுவில், பில் ஏன் இவ்வளவு வந்தது என்று கேட்பவருக்கும் பதில் சொல்கிறார். இந்த வேலைகளில் பாதிக்கு மேல் முறையாகப் படித்துத் தேறிய நர்ஸ் பக்கத்திலேயே நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டருக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. நர்ஸ் வேறு வேலை தேட ஆரம்பித்திருப்பார்.

பார்க்கிறவர்கள் ஆள் போதவில்லை என்பார்கள். சில இடங்களில் அது உண்மைதான். ஆனால் நிறைய இடங்களில் இருக்கிற ஆட்களுக்குத் தெரிந்த வேலையையே அவர்களிடம் கொடுப்பதில்லை. இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும், நாய் பூனை வளர்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் இது புரிந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. ஒவ்வொரு வேலைக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டாக்டரைத் தவிர வேறு யாரும் இதைச் செய்யக் கூடாதா? நோய் இன்னதென்று முடிவு செய்வது, மருந்து எழுதுவது, அறுவை சிகிச்சை செய்வது, பிழைக்குமா, எவ்வளவு நாளில் தேறும் என்று சொல்வது ஆகிய நான்கும் டாக்டருடையவை. இவற்றுக்குத்தான் அவர் ஆறு வருடம் படித்தார். மற்ற வேலைகளில் பெரும்பகுதியை, படிப்பும் பதிவும் உள்ள இன்னொருவர் அவருடைய மேற்பார்வையில் செய்யலாம். டாக்டரைவிடப் பொறுமையாகவும் செய்வார்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு சட்டக் கட்டமைப்பு இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டத்தின்படி, கால்நடை மருத்துவர்களோடு அவர்களுக்குத் துணையான தொழில்களில் இருப்பவர்களும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். கால்நடை நர்ஸ், ஆய்வகத் தொழில்நுட்பர், கால்நடை சுகாதாரத் தொழில்நுட்பர் எல்லோருக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனி எல்லை. ஆய்வகத் தொழில்நுட்பர் ரத்தம், சாணம், திசு மாதிரிகளைச் சோதிப்பவர். சுகாதாரத் தொழில்நுட்பர் பெரும்பாலும் அரசுப் பணியில் இருப்பார். கிராமப்புறத்தில் மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் இறக்கும் நாளிலும், ரேபிஸ் தடுப்பூசி முகாமிலும் நீங்கள் பார்ப்பது அவரைத்தான். தனியார் மருத்துவமனையில் அன்றாடம் கூட நிற்பவர் நர்ஸ். இங்கே எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். வரவேற்பாளருக்கும் கூண்டறை உதவியாளருக்கும் மன்றப் பதிவு கிடையாது. அவர்களுடைய எல்லை குறுகலானது. ஆனால் அந்த எல்லைக்குள் அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

டாக்டர் பட்டம் தரும் இடம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்று, பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஒண்டர்ஸ்டெபோர்ட். 1920 முதல் அங்கே கால்நடை மருத்துவத் துறை இயங்குகிறது. ஒரு நாடு முழுவதற்கும் டாக்டர்கள் ஒரே வாசல் வழியாக வரும்போது, அவர்களுடைய நேரத்தை நகம் வெட்டுவதில் கரைப்பது எவ்வளவு பெரிய விரயம்!

பங்கீடு எப்படி நடக்கும் என்பதைக் காட்ட, நாய்களுக்கு உண்ணியால் வரும் பிலியரி நோயைவிட நல்ல உதாரணம் கிடையாது. டர்பன் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். உண்ணி கடித்து பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். நம் நாட்டில் அதிகமாக இருக்கும் பபீசியா ராசி என்ற வகை மிகவும் கொடியது. நேற்று வரை ஓடித் திரிந்த நாய் இன்று எழுந்திருக்காது, ஈறு வெளுத்திருக்கும், சிறுநீர் சிவந்து போகும்.

அப்படி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வருகிறார். வரவேற்பாளர் ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்ததுமே வரிசையை விட்டு அவரை முன்னால் அனுப்பி, சிஸ்டரை அழைக்கிறார். உதவியாளர் நாயைத் தராசில் ஏற்றி எடையை எழுதுகிறார். இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பிலியரிக்குக் கொடுக்கும் டைமினசீன் மருந்தில் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு. அதிகமானால் மூளை பாதிக்கப்படும். 12 கிலோ நாயைக் கண்ணால் பார்த்து 16 என்று எழுதினால் அந்தத் தவறு நேராக ஊசிக்குள் போய்விடும்.

சிஸ்டர் காய்ச்சல் பார்க்கிறார். ஆரோக்கியமான நாய்க்கு 38 முதல் 39 டிகிரியை ஒட்டி இருக்கும். காது நுனியில் ஊசியால் லேசாகக் குத்தி, வரும் ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, சாயம் போட்டு, நுண்நோக்கியில் வைக்கிறார். காது நுனி ரத்தத்தில் ஒட்டுண்ணி கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். ஒரு நுண்குழாயில் ரத்தம் ஏற்றி மையவிலக்கியில் சுழற்றினால், மொத்த ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவிகிதம் என்று தெரிந்துவிடும். நாய்க்கு 37-இலிருந்து 55 வரை இருக்க வேண்டியது. இந்த நாய்க்கு 16 என்று வருகிறது. இதற்கெல்லாம் சேர்த்து கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தில் டாக்டர் பக்கத்து அறையில் இன்னொரு நோயாளியைப் பார்த்து முடித்திருப்பார்.

டாக்டர் உள்ளே வரும்போது எடை, காய்ச்சல், நாடித் துடிப்பு, ரத்தப் படலம், சிவப்பணு அளவு எல்லாம் தாளில் தயார். அவர் படலத்தைத் தன் கண்ணால் பார்த்து நோயை உறுதி செய்கிறார். அப்புறம் யோசிக்கிறார்: சாதாரண பிலியரியா, சிறுநீரகமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டுச் சிக்கலாகிவிட்டதா? எந்த மருந்து, எவ்வளவு? ரத்தம் ஏற்ற வேண்டுமா? பிறகு வீட்டுக்காரரை உட்கார வைத்து, பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, செலவு எவ்வளவு ஆகும் என்று நிதானமாகச் சொல்கிறார். அழுகிற ஒருவரிடம் இதைச் சொல்ல நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வெளியே இருக்கும் மூன்று பேர்.

ரத்தம் ஏற்றுவது என்று முடிவானால் மறுபடியும் வேலை சிஸ்டரிடம். முதல் அரை மணி நேரம் சொட்டு மெதுவாகத்தான் போக வேண்டும். காய்ச்சல் ஏறுகிறதா, வாந்தி வருகிறதா, முகம் வீங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா என்று கூடவே உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இதைச் செய்ய முடியாது. செய்வதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மயக்க மருந்து விஷயமும் இப்படித்தான். கருத்தடை அறுவையில் டாக்டரின் கண்ணும் கையும் வயிற்றுக்குள் இருக்கும். நாயின் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, உடல் சூடு ஆகியவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்க அந்த வேலை மட்டுமே செய்யும் ஒருவர் வேண்டும். தையல் போட்டாயிற்று, ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைப்பார்கள். மயக்க மருந்து இறப்புகள் பற்றி பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2008-இல் வந்தது. நாய்களின் இறப்பில் ஏறக்குறைய பாதியும், பூனைகளின் இறப்பில் சுமார் 60 சதவிகிதமும் அறுவை முடிந்த பிறகுதான் நடந்திருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆக, மயக்கம் தெளியும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு முழு வேலை. அதை ஒருவர் பெயரில் எழுதி வைக்க வேண்டும். கூண்டில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் அடுத்த அறுவைக்குப் போய்விடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பங்கீடு என்றால் யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொடுப்பது என்று பொருளில்லை. பதிவு இல்லாத உதவியாளரிடம், "நீ எத்தனை முறை பார்த்திருக்கிறாய், ஊசியைப் போட்டுவிடு" என்று மயக்க மருந்தை நீட்டுவது சட்டத்துக்கும் விரோதம், பிராணிக்கும் துரோகம். கெட்டமைன், மார்ஃபின் போன்ற, சட்டக் கட்டுப்பாடுள்ள அட்டவணை மருந்துகள் இருக்கும் அலமாரிச் சாவிக்கும் பதிவேட்டுக்கும் கடைசியில் பொறுப்பு டாக்டருடையது. உதவியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கெட்டிக்காரர் என்று தெரிந்தால் அவரைப் படிக்க அனுப்ப வழி பாருங்கள்.

வரவேற்பாளர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல மருத்துவமனைகளில் அவரைத் தொலைபேசி எடுக்கவும் காசு வாங்கவும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஆனால் நோயாளியைப் பற்றி முதலில் கேள்விப்படுவது அவர்தான். ஓர் ஆயா போன் செய்து, "பூனைக்கு மலச்சிக்கல் கண்ணு, காலையிலிருந்து பெட்டியில் போய் உட்கார்ந்து முக்குது" என்கிறார். பழகிய வரவேற்பாளர், "ஆணா பெண்ணா ஆயா? ஒரு சொட்டாவது சிறுநீர் வருதா?" என்று கேட்பார். ஆண் பூனை, சிறுநீர் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். "நாளைக்கு வேண்டாம் ஆயா, இப்பவே கொண்டு வாங்க" என்ற அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும்.

திருடர்கள் நாயைக் கொல்லக் கறிக்குள் வைத்து வீசும் டூ-ஸ்டெப் விஷமும் இப்படித்தான். ஆல்டிகார்ப் என்ற அந்த விஷம் தடை செய்யப்பட்ட பிறகும் தெருவில் கள்ளத்தனமாகக் கிடைக்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பு நடுங்குகிறது, கண்மணி சுருங்கிவிட்டது என்று யாராவது போனில் சொன்னால், வரவேற்பாளர் பாலைக் கொடு, எண்ணெயைக் கொடு என்று சொல்லாமல் உடனே புறப்பட்டு வரச் சொல்வார். கறுப்புத் துகள் ஒட்டிய கறி கிடந்தால் வெறும் கையால் தொடாமல் பையில் எடுத்து வரச் சொல்வார். அடுத்த நொடி உள்ளே குரல் கொடுப்பார். நாய் வாசலுக்கு வரும்போது விஷமுறிவு மருந்தான அட்ரோபின் தயாராக இருக்கும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராத பெரிய நாய், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, நிற்காத வலிப்பு என்று ஒரு பட்டியலை டாக்டர் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

அதே பட்டியலின் கீழே, சொல்லக் கூடாததையும் எழுத வேண்டும். மருந்து அளவு எதையும் போனில் சொல்லக் கூடாது. "பூனைக்குக் காய்ச்சல், பாதி பனாடோ கொடுக்கட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பனாடோவில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொல்லப் போதும். "கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே வாருங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

கூண்டறை உதவியாளர்கள்தான் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதவர்கள். நம் பக்கத்தில் இவர்களில் பலர் ஜூலு பேசுபவர்கள், வருடக்கணக்காக ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள். காலையில் எந்த நாய் சாப்பிடவில்லை, எதற்கு வயிற்றுப்போக்கு, எது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது என்று முதலில் தெரிவது இவர்களுக்கு. காலைச் சுற்றில் டாக்டரோடு இவர்களும் நடக்க வேண்டும், இவர்கள் சொல்வதைத் தாளில் எழுத வேண்டும். ஜூலு மட்டும் தெரிந்த ஒரு பெரியவர் நாயைக் கொண்டு வரும்போது மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அரைகுறை ஆங்கிலத்தில் டாக்டர் திணறுவதைவிட, டாக்டர் சொல்லச் சொல்ல உதவியாளர் அவர் மொழியில் எடுத்துச் சொல்லலாம். அவர் திருப்பிச் சொல்வதையும் கேட்டுச் சரிபார்க்கலாம்.

இவர்கள் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. குவாசூலு-நட்டாலில் நாய்கள் வழியாக ரேபிஸ் பல பத்தாண்டுகளாகப் பரவி வருகிறது. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த ஒரு வருடத்துக்குள் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று விதி இருக்கிறது. இங்கே ஆபத்து அதிகம் என்பதால் பல டாக்டர்கள் வருடாவருடம் போடச் சொல்கிறார்கள். ஆனால் தெரியாத நாயைக் காரிலிருந்து இறக்கித் தூக்கி வரும் உதவியாளருக்கு முன்தடுப்பு ஊசி போட்டாயிற்றா? டாக்டருக்கும் நர்ஸுக்கும் போட்டிருப்பார்கள், இவரை மறந்திருப்பார்கள். முதலில் கடிபடக் கூடியவர் இவர். பங்கீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதுகாப்பையும் சேர்த்தே பங்கிட வேண்டும். யாரைக் கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசி போட்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வேலையை எப்படிக் கைமாற்றுவது? "சிஸ்டர், அந்த நாயைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்பது கைமாற்றம் ஆகாது. என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்த எல்லை தாண்டினால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றையும் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணு அளவு பாருங்கள், 15-க்குக் கீழே போனால் நடுராத்திரி ஆனாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்றால் நர்ஸுக்கும் தைரியம், டாக்டருக்கும் தூக்கம். கூப்பிட்டபோது "இதுக்கெல்லாமா கூப்பிடுவது" என்று ஒரு முறை சலித்துக்கொண்டால் போதும், அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத வேலைகளையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லோட்ஷெடிங் வந்து போனால் அதன் வெப்பநிலையைப் பார்ப்பது யார்? "எல்லோரும்" என்றால் யாருமில்லை. ஒரு பெயர் வேண்டும், அவர் விடுப்பில் போனால் இன்னொரு பெயர் வேண்டும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு தடை உண்டு. "காசு கொடுக்கிறேன், டாக்டர்தான் பார்க்கணும்" என்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை, நர்ஸ் யார் என்று யாரும் சொன்னதில்லை. டாக்டரே, "இவங்க பதிவு பெற்ற நர்ஸ், மூன்று வருஷம் இதையே படிச்சவங்க. இன்சுலின் போடுவதை என்னைவிட நல்லா சொல்லிக் கொடுப்பாங்க" என்று அறிமுகப்படுத்தினால் பாதித் தயக்கம் போய்விடும். மீதியை நர்ஸின் வேலையே போக்கும்.

சர்க்கரை நோய் வந்த நாயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு குறைவு, இன்சுலின் சிரிஞ்சும் வீட்டிலேயே இருக்கும். தாத்தாவுடைய சிரிஞ்சிலேயே நாய்க்கும் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மனிதர்களின் இன்சுலின் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட், நாய்களுக்குப் பரவலாகக் கொடுக்கும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். தாத்தாவின் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் நாய்க்குள் போவது 4 யூனிட்தான். டாக்டர் பத்து நிமிடப் பரிசோதனையில் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், சொன்னாலும் மனதில் பதியாது. சிஸ்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து, சரியான சிரிஞ்சைக் கையில் கொடுத்து, உப்புத் தண்ணீரில் இழுத்துக் காட்டி, வீட்டுக்காரரையே போடச் சொல்லிப் பார்த்து அனுப்புவார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தும் கேட்பார். அந்த நாய் சரியாக நடத்தப்படுவதற்கும் மயங்கி விழுவதற்கும் வித்தியாசம் இந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

இந்த மாதிரி நேரத்துக்கு மருத்துவமனை தனிக் கட்டணம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எடை குறைப்பு, பல் பராமரிப்பு, குட்டி நாய் வளர்ப்பு, அறுவைக்குப் பிறகு காயம் பார்ப்பது என நர்ஸைப் பார்க்கத் தனி நேரம், டாக்டர் கட்டணத்தைவிடக் குறைந்த தொகை. வீட்டுக்காரருக்கும் அது மலிவு. இலவசமாகக் கொடுத்தால் அது வேலையாகவே கணக்கில் வராது, சம்பளம் பேசும்போது நர்ஸ் காட்டுவதற்கும் எதுவும் இருக்காது.

ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றப் போக வேண்டாம். ஒரு வாரம் டாக்டர் தன் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டை வைத்து, தான் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதட்டும். வார முடிவில் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இதைச் சட்டப்படி யார் செய்யலாம் என்று எழுதுங்கள். அதில் இரண்டே வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், காது நுனி ரத்தப் படலமும் தையல் பிரிப்பதும் போல. அதற்குரியவருக்குச் சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து, டாக்டருக்கு நம்பிக்கை வந்த பிறகு விட்டுவிடுங்கள். அவை நிலைத்த பிறகு அடுத்த இரண்டு. நர்ஸ் இல்லாத மருத்துவமனையாக இருந்தால், அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸை வேலைக்கு எடுத்தால் டாக்டருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.